பனாமா தொப்பியும் புளியரை செக்போஸ்ட்டும்

பனாமா தொப்பி விலை பாதிக்குப் பாதி இறங்கிவிட்டதாம். கடையநல்லூர் நண்பர் படத்தோடு அனுப்பிவிட்டு, "மாப்ளே, நீதான் ரெண்டு வருசமா தலையில வச்சுக்கிட்டு அலையுதியே. வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தையில சொல்லு" என்கிறார். ஒரு வார்த்தையில் முடிகிற சங்கதியா இது?

முதலில், அவர் அனுப்பிய படத்தில் இருப்பது கடுதாசி. முறுக்கிய காகித நூலில் பின்னி, கறுப்பு நாடா சுற்றி, பனாமா என்று விற்கிறார்கள். குற்றாலச் சாரலில் ஒருநாள் நனைந்தால் ஊறிப்போன அப்பளம்தான். அசல், எக்குவடோர் நாட்டில் தோக்கீயா என்ற செடியின் இளங்குருத்தை நார்நாராகக் கிழித்து, வேகவைத்து, காயவைத்துக் கையால் பின்னுவது. அந்தப் பின்னல் வேலையை யுனெஸ்கோ 2012இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த அசல். வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகன் கொண்டுவந்தது. அளவு, அகலம் எல்லாம் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அதை விடுவோம்.

போட்டுக்கொண்டு வெளியே இறங்க எப்படித் துணிச்சல் வந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அது கேரளாவில் வந்தது. பாவூர்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றி, குட்டி யானை என்கிற சின்ன லாரியில் கேரளத்துப் புனலூருக்குக் கொண்டுபோவது என் பிழைப்பு. செங்கோட்டையில் தொப்பி மடியில் இருக்கும். மாநில எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட் தாண்டி, கோட்டைவாசல் மலை வளைவுகளில் ஏறியதும் தலைக்குப் போகும். ஆரியங்காவில் டீ குடிக்க இறங்கினால், கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "கொள்ளாம் அண்ணா, வெயிலுக்கு நல்லதா" என்று, நல்லாயிருக்கு என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். அவ்வளவுதான். பாக்கு மட்டையில் தொப்பி செய்து கவிழ்த்துக்கொண்டு வயலில் நின்ற ஜனங்கள் அவர்கள். தலையில் ஒன்று இருப்பது அங்கே சேதியே இல்லை.

திரும்பும்போது செக்போஸ்ட்டுக்கு முன்னால் கழற்றிவிடுவேன். யோசித்தால் சிரிப்பு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். ஊருக்குள் நிற்கும் பழைய வளைவில் இன்னும் திருவிதாங்கூர் ராஜாவின் சங்கு முத்திரை இருக்கிறது. கோடு கிழித்தவர்கள் எதையோ வைத்துக் கிழித்தார்கள், நான் அதில் தொப்பியையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டேன். மாசக்கணக்கில் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு நாள், வண்டி ஓட்டுகிற பையன் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "அண்ணாச்சி, நீங்க கழட்டுத எடம் வந்துட்டு" என்றான்.

அன்றைக்குக் கழற்றவில்லை.

செங்கோட்டையில் வண்டியை விட்டு இறங்கினதும் வந்த முதல் கேள்வி: "என்ன அண்ணாச்சி, சூட்டிங்கா?" குற்றாலம், தென்காசிப் பக்கம் சினிமாக்காரர்கள் வந்துபோவதால் இந்தக் கேள்வி எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. துண்டால் தலைப்பாகை கட்டினால் உழைப்பாளி. வெள்ளைக் குல்லா போட்டால் எம்.ஜி.ஆர். விசுவாசி. நாலு பக்கமும் விளிம்பு வைத்த தொப்பி போட்டால் மட்டும் தொரை, இல்லாவிட்டால் சி.ஐ.டி.! இதில் நான் கண்ட ஒரே சூத்திரம், காரணம் சொல்லக் கூடாது. "வழுக்கையில வெயில் சுடுதுன்னு டாக்டர் சொன்னாரு" என்று ஆரம்பித்தால் எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று அது சாயங்காலம் வரை போகும். "ஆமா, சூட்டிங்தான். நீதான் வில்லன்" என்றால் அத்தோடு சரி. இன்னொன்று, போட்டபின் கையை அதன்மேல் கொண்டுபோகவே கூடாது. தொட்டுத் தொட்டுச் சரிசெய்கிறவனைத்தான் ஊர் உற்றுப் பார்க்கிறது. சும்மா இருப்பவனை இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறது. வீட்டில் சொன்னது: "மூஞ்சிக்கு நல்லாத்தான் இருக்கு. எங்க சித்தப்பா வீட்டு விசேசத்துக்கு மட்டும் வேண்டாம்."

காற்று பற்றிக் கேட்பார்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா விடாதுதான். உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து இறுக்கம் கூட்டினேன். முன்விளிம்பைக் கீழே மடித்துவிட்டு, காற்றுக்கு எதிரே தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் நிற்கிறது. பங்குனி, சித்திரையில் நார் வறண்டு விறைக்கும். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு குளியலறையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

பெரிய விஷயம் என்னவென்றால், கழற்றினால் எங்கே வைப்பது? இதை யாரும் எழுதுவதில்லை. நம் துண்டு எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று தொப்பி வாங்கினபிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியவர் எதிரே வந்தால் தலையிலிருந்து தோளுக்கு வரும், தோளிலிருந்து இடுப்புக்குப் போகும், பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு சீட்டுப் பிடிக்கும், கை துடைக்கும். தொப்பிக்கு இரண்டே இடம்தான், தலை அல்லது கை. பைக்கில் போக ஹெல்மெட் போட்டால் தொப்பி எங்கே? தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டினால் போலீஸ் ரசீதோடு நிற்பார். பந்தியில் உட்கார்ந்தால் மடியில் வைக்க வேண்டும், மேலே ரசம் வாளி போகிறது. சலூனில் கண்ணாடி முன்னால் வைத்தால் முடி. சட்டையையே கழற்றச் சொல்லும் மலையாளத்துக் கோயில்களில் சட்டை தோளில், மொபைல் இடுப்பில், தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமி கும்பிட்டவன் நான். இரண்டு கையையும் கூப்ப முடியவில்லை. துக்க வீட்டில் அதைவிட மோசம், கையில் தொப்பியோடு நின்றால் கிளம்பத் தயாராக நிற்பதுபோல் இருக்கிறது.

1906இல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போன அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் போட்டோவைப் போட்டு, இதைப்போல நெஞ்சை நிமிர்த்திப் போடுங்கள் என்கிறார்கள். அவர் கழற்றினால் வாங்கி வைக்க ஆள் இருந்திருக்கும். ஒரு வக்கீல் வீட்டில், தொப்பி மாட்டுவதற்கென்றே முளைகள் வைத்த பழைய மர ஸ்டாண்ட் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். ஆசையாக எழுந்து போனால் எல்லா முளையிலும் மஞ்சப்பை, மேலே குடை. எனக்குச் சரியான இடம் கிடைத்தது புனலூர் ரயிலில்தான். ஜன்னலோரம் பை மாட்ட ஒரு கொக்கி இருக்கும். அதில் மாட்டிவிட்டு, பதிமூன்று கண் பாலத்தில் வண்டி போகும்போது அது ஆடுவதைப் பார்ப்பது தனி சுகம். லோடு இல்லாத நாளில் இதற்காகவே ரயிலில் போகிறேன் என்றால் பிழைக்கத் தெரியாதவன் என்பீர்கள்.

கையில் வைத்திருந்தால் அடுத்த வம்பு: "ஒருக்கா குடுங்க பாப்போம்." கொடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முன்னால் கிள்ளினாற்போல் இரண்டு பக்கமும் குழிந்திருக்குமே, அங்கேதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போகும். பார்த்தால் பிடி மாதிரிதான் இருக்கிறது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நார் முதலில் முறிகிற இடம் அதுதான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. இப்போது முன்குழியில் மூன்று நார் முறிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அரிசி அளவு ஓட்டை தெரிகிறது. உள்ளே மெல்லிய துணி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றில் மனசு குளிர்ந்தது. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து, உள்ளே சுற்றியிருந்த தோல் பட்டை கறுத்துப் பிசுபிசுத்து, நாற ஆரம்பித்தது. புதுத் தோல் வைக்கத்தான் டெய்லரிடம் போனேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "தோலு எதுக்குவே நம்ம ஊருக்கு?" என்று பழைய எட்டு முழ வேட்டியில் ஒரு விரற்கடை அகலம் கிழித்து, மூன்றாக மடித்துக் கையாலேயே தைத்துக் கொடுத்தார். வியர்வையைக் குடிக்கிறது, நெற்றியில் கோடு விழுவதில்லை, அழுக்கானால் பிரித்துத் துவைத்து மறுபடி தைக்கலாம். இத்தனை நாளாக எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

சரி, தீர்ப்பு. நிழல் அருமை. தலை கொதிப்பதில்லை. எடை இருப்பதே தெரியாது. புனலூர் மார்க்கெட்டில் தொப்பி அண்ணாச்சி என்றால்தான் என்னைத் தெரியும். இவ்வளவும் சொன்னபிறகும், வாங்காதே மாப்ளே. போன வாரம் கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். முந்தாநாள் ஒரு கல்யாண வீட்டில் நாற்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அதன்மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். "தம்பி, குசன் போட்ட சேரு" என்றார். நீராவி காட்டி ஓரளவு நிமிர்த்திவிட்டேன், வலது விளிம்பு மட்டும் இன்னும் தொங்குகிறது.

கடுதாசித் தொப்பிக்குக் கொடுக்கிற காசில் நல்ல ஈரிழைத் துண்டாக நாலு எடுத்துக்கொள். என்னுடையதை இரவல் கேட்காதே, தரமாட்டேன். அக்கா மகன் தை மாசம் வருகிறான். கறுப்பு நாடா வைத்தது ஒன்று சொல்லியிருக்கிறேன், பெட்டியோடு.