ஓ-நெட் போதுமா? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு தொழில்நெறி வழிகாட்டுநரின் பதில்

வழிகாட்டல் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் திருப்பூர் நண்பரின் கேள்வி இது: “காசு கட்டி ஏதாவது சான்றிதழ்ப் படிப்புல சேரட்டுமா, இல்ல அந்த ஓ-நெட்டே போதுமாண்ணே?” அவருக்குச் சொல்ல வேண்டியது மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓ-நெட் என்ன என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழில் தரவுத்தளம், இலவசம், 2019 வகைப்பாட்டில் 1,016 தொழில் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண், ஒரு பக்கம். பலர் அதில் சம்பளத்தையும் ‘பிரகாசமான எதிர்காலம்’ முத்திரையையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நமக்கு உதவாத பகுதிகள் அவை இரண்டும்தான். உதவுவது ‘டாஸ்க்ஸ்’ பட்டியல், அதாவது அந்தத் தொழிலில் இருப்பவர் செய்யும் வேலைகளின் பட்டியல்.

51-9161.00 பக்கத்தைத் திறந்து பாருங்கள்: சிஎன்சி ஆபரேட்டர், கணினி வழி இயங்கும் உலோக வெட்டு மெஷினை ஓட்டுபவர். முடிந்த ஜாபை, அதாவது மெஷினில் செய்த பொருளை, துல்லிய அளவுக் கருவிகளால் அளந்து சரிபார்ப்பது, டூலை மாட்டி நிலைநிறுத்துவது என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலில் ஒரு வரி நிற்க வைக்கும்: மெஷின் ஓடும்போது அதன் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, டூல் மழுங்கிவிட்டதா, அதிர்வு கூடிவிட்டதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது. டர்னர் (லேத் வேலைப்) பயிற்சி முடித்த பையனிடம் “சிஎன்சிக்கு நல்ல எதிர்காலம் இருக்கு” என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். “மெஷின் சத்தம் மாறினா உனக்குத் தெரியுமா?” என்று கேட்டால் பேச ஆரம்பிப்பான். வேலையை வேலையாகக் காட்டும் இப்படிப்பட்ட வரிகள் நம் பயிற்சிக் கையேடுகளில் அரிது. இந்தத் தளத்தை விட்டு விலக முடியாததற்கு முதல் காரணம் இதுதான். தரவுத்தளத்தின் உரிமமும் தாராளமானது: மூலத்தையும் மாற்றம் செய்திருப்பதையும் குறிப்பிட்டால் போதும், தமிழில் பெயர்த்துக் கொடுக்கத் தடையில்லை.

அதை வைத்துத் தன்னைத்தானே பயிற்றுவித்துக்கொள்ளும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு தொழில், அதற்கு மேல் வேண்டாம். முக்கியத்துவ வரிசையில் முதல் பத்து வேலைகளை எடுத்துத் தமிழில் எழுதுங்கள், ஆனால் பட்டறைத் தமிழில். ‘பணிப்பொருள்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது, ‘ஜாப்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பிறகு மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்சிஎஸ்ஸிலும் தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையத்திலும் அதே வேலைக்கான இருபது விளம்பரங்களை எடுத்து, எந்தெந்த வரி எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று கோடு போடுங்கள். மூன்றாவதாக, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் முகாம் நடக்கும்போது, ஆள் எடுக்க வந்த மேற்பார்வையாளரிடம் பட்டியலை நீட்டி “இதுல எது உங்ககிட்ட கிடையாது?” என்று கேளுங்கள். “எது உண்டு” என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். ஒரு தொழிலுக்கு நாலு மணி நேரம் ஆகும். ஒரு வருடத்தில் நாற்பது தொழில் தேறினால் பெரிய விஷயம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். எத்தனை ஆண்டு பழகினாலும் இது அடங்குவதில்லை.

ஓ-நெட்டிலிருந்து நம் தேசியத் தொழில் வகைப்பாட்டுக்கு, அதாவது என்சிஓ 2015க்கு, நேர் பாலம் இல்லை: இதிலுள்ள குறியீடு அங்கே எது என்று காட்டும் அட்டவணை கிடையாது. என்சிஓவின் எட்டு இலக்கக் குறியீட்டில் முதல் நான்கும் பன்னாட்டு வகைப்பாடான ஐஎஸ்சிஓ-08ஐப் பின்பற்றுபவை. பெயரிலேயே தெரிகிறது, எலும்புக்கூடு 2008ஆம் ஆண்டினுடையது. ஓ-நெட்டின் 2019 வகைப்பாடோ அமெரிக்க அரசின் 2018 தொழில் வகைப்பாட்டின் மேல் நிற்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பு ஐஎஸ்சிஓ-08க்குக் கொடுத்த இணைப்பு அட்டவணை அதற்கு முந்தைய 2010 வகைப்பாட்டுக்கானது. ஆகவே 2018லிருந்து 2010க்கு ஒரு தாவல், அங்கிருந்து ஐஎஸ்சிஓவுக்கு ஒன்று, அதிலிருந்து என்சிஓவுக்கு இன்னொன்று. ஒவ்வொரு தாவலிலும் ஏதாவது கை நழுவும்.

சிஎன்சி ஆபரேட்டரையே பாருங்கள். 51-9161 என்பது 2010 பட்டியலில் 51-4011. அங்கிருந்து ஐஎஸ்சிஓவில் 7223. லேத் வேலைக்கான 51-4034ம் அதே 7223இல்தான் வந்து விழும். ஓ-நெட்டில் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு வேலைகள் இங்கே ஒரே வீட்டில் குடியேறிவிடுகின்றன. அதற்குள் கடைசி நாலு இலக்கத்தைப் பிடித்துப் பிரிப்பது முழுக்கக் கைவேலை. கணினித் துறை இன்னும் மோசம். பிசினஸ் இன்டெலிஜென்ஸ் அனலிஸ்ட் முன்பு 15-1199.08, அதாவது ‘கணினித் தொழில்கள், மற்றவை’ என்ற மூட்டைக்குள் இருந்தது. இப்போது 15-2051.01, டேட்டா சயின்டிஸ்டுக்குக் கீழே. 2010 பட்டியலில் டேட்டா சயின்டிஸ்ட் என்ற தலைப்பே கிடையாது, ஐஎஸ்சிஓ-08லும் கிடையாது. இணைப்பு அட்டவணை ஆறு இலக்கத்தோடு நிற்பதால் புள்ளிக்குப் பின்னால் உள்ள .01 காற்றோடு போய்விடுகிறது. கேட்டு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த வேலைகளைத்தான் கேட்கிறார்கள்!

இதில் கோபம் ஓ-நெட் மேல் இல்லை. அவர்கள் தங்கள் நாட்டுக்குச் செய்திருக்கிறார்கள், நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். இந்தப் பாலத்தை இங்கே ஒவ்வொரு வழிகாட்டுநரும் தனித்தனி எக்செல் தாளில், ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் தாங்கவில்லை.

பழைய கையேடுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: படிப்பையும் பயிற்சியையும் நிலை எண்ணால் அடுக்கும் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் 2013இல் பத்து நிலைகளோடு வந்தது, 2023இல் எட்டாகத் திருத்தப்பட்டது. பழைய நிலை எண்ணைப் பார்த்து மாணவனுக்கு மேற்படிப்பு வழி சொன்னால் தப்பாகும். ஓ-நெட்டிலும் தேதியைப் பாருங்கள். பக்கத்தில் புதுப்பித்த ஆண்டு தெரிந்தாலும் எல்லாப் பகுதியும் அன்று புதுப்பிக்கப்பட்டதாக அர்த்தமில்லை. தரவிறக்கும் கோப்பில் வேலை வரி ஒவ்வொன்றுக்கும் தேதியும், அதைச் சொன்னது அந்த வேலையில் இருப்பவரா, ஆய்வாளரா என்ற விவரமும் இருக்கும்.

மென்பொருள் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். கணக்கெழுத்தர் பக்கத்தில் க்விக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் நிற்கும். நம் விளம்பரங்கள் கேட்பது டேலியும் ஜிஎஸ்டி தாக்கலும். ஒரு தொழிலுக்கு எவ்வளவு படிப்பும் பழக்கமும் வேண்டும் என்று காட்டும் ‘ஜாப் சோன்’ என்ற ஐந்து படிநிலையும் அங்குள்ள பள்ளி, கல்லூரியை வைத்துச் சொல்வது. படிப்புத் தகுதிக்கு நம் விளம்பரம்தான் சாட்சி.

எந்த வகை வேலையில் ஆர்வம் என்று பார்க்கும் ஓ-நெட்டின் ஆர்வத் தேர்வு தனிக் கதை. அறுபது கேள்வி, ஆறு வகை, வகைக்குப் பத்து, ஒவ்வொரு வகைக்கும் உச்ச மதிப்பெண் 40. ‘செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது’, ‘லாரி ஓட்டிப் பார்சல் கொடுப்பது’ போன்றவை கைவேலை வகையில் வரும். அப்பா கொத்தனாராக இருக்கும் பிள்ளை அதற்குப் ‘பிடிக்காது’ என்று போடுவது ஆர்வத்தைச் சொல்லவில்லை, வீட்டில் கேட்டு வளர்ந்த “நீயாவது நிழல்ல உக்காந்து வேலை பாரு” என்பதைச் சொல்கிறது. லாரி என்றதும் பெண் பிள்ளைகள் யோசிக்காமலே தள்ளிவிடுவார்கள். சம்பளத்தையும் படிப்பையும் நினைக்காமல் பதில் சொல்லுங்கள் என்று தேர்வின் குறிப்பிலேயே இருக்கிறது, அதை உரக்கப் படிக்காமல் தாளைக் கொடுக்கிறார்கள். படித்துவிட்டு, “எல்லா வேலைக்கும் ஒரே சம்பளம், ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு வெச்சுக்க” என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் மாற்றம் தெரியும். முதல் இரண்டு வகைக்கும் இடையே இரண்டு மூன்று மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால் ‘நீ இந்த வகை’ என்று முத்திரை குத்தவே கூடாது.

சரி, நண்பருக்கான பதில். இவ்வளவு பாராட்டிய பிறகு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம்: முதல் வருடம் ஓ-நெட்டைத் திறக்காதீர்கள். பட்டறையையும் கம்பெனியையும் பார்க்காத கண், அமெரிக்கப் படத்தையே நம் ஊர்ப் படமாக எடுத்துக்கொண்டுவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கற்பதைவிடக் கஷ்டம். ஒரு வருடம் ஒதுக்க முடிந்தால் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டியின் வழிகாட்டல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பில் சேருங்கள். ஆறு மாதம் தொலைவழி, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் களப்பயிற்சி. நம் பக்கத்துக்கு மைசூரு மையம் வசதி. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மௌனத்தைக் கையாள அங்கேதான் பழகலாம், எந்தத் தரவுத்தளமும் அதைச் சொல்லித்தராது. வருடம் ஒதுக்க முடியாவிட்டால் மாதம் ஒரு முகாம், மாதம் நாற்பது விளம்பரம். அதற்குப் பணம் தேவையில்லை.

இரண்டாம் வருடம் ஓ-நெட்டுக்கு வரும்போது, திருப்பூர் என்பதால் 51-6031இல் ஆரம்பியுங்கள். தையல் மெஷின் ஆபரேட்டர். குறியீடு 2010க்கும் 2018க்கும் நடுவே மாறவில்லை, ஐஎஸ்சிஓவில் நேராக 8153, என்சிஓவிலும் முதல் நாலு இலக்கம் அதேதான். பாலம் உடையாத சில இடங்களில் அது ஒன்று. பட்டியலைத் தமிழாக்கியதும் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் ஓட்டுபவர்களிடம் ஒருமுறை வாசித்துக்காட்டி, அவர்கள் திருத்தும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்த எக்செல் தாளை எனக்கும் அனுப்புங்கள்.