போனில் பேசியவர் ஒருவர், மேடை ஏறியவர் வேறொருவர்: வரவேற்புக்கு இசைக்குழு, டிஜே, தொகுப்பாளர் அமர்த்துவோருக்கு எச்சரிக்கை

திருமண வரவேற்பில் கச்சேரி சொதப்பிவிட்டால், "அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிப் பலரும் பாக்கிப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நேரத்தின் குற்றமில்லை. மேடையில் வெடித்த கோளாறு, பல வாரங்களுக்கு முன் போனில் பேசி அட்வான்ஸ் அனுப்பிய அந்தப் பத்து நிமிடத்திலேயே ஆரம்பித்திருக்கும். இந்தத் தொழிலில் ஏமாற்று எந்தெந்த இடத்தில் நடக்கிறது, மாட்டிக்கொண்டால் அன்றிரவே என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஆள்மாற்றம். அதிகம் நடப்பதும் இதுதான். உங்களிடம் பேசுபவர் கலைஞராக இருக்கமாட்டார். தேதி பிடிப்பவராக இருப்பார். ஒரே முகூர்த்த நாளில் நான்கு இடங்களுக்கு ஒப்புக்கொண்டு, நான்கிலும் அட்வான்ஸ் வாங்கி, கடைசி வாரத்தில் யார் குறைந்த தொகைக்குக் கிடைக்கிறார்களோ அவர்களிடம் கைமாற்றிவிடுவார். இடையில் நிற்கும் பணம்தான் அவருடைய வருமானம். அதனால் மலிவாகக் கிடைப்பவரை அனுப்புவதுதான் அவருக்கு லாபம். இப்படிப்பட்டவரின் பேச்சில் "நம்ம டீம்", "நம்ம பசங்க" என்பது அடிக்கடி வரும். பாடப்போகிறவரின் பெயர் மட்டும் வராது. அனுப்பும் வீடியோக்களில் மூலையில் ஒரே லோகோ இருக்கும், பாடுபவரோ வீடியோவுக்கு வீடியோ வேறாக இருப்பார்.

விளம்பர வீடியோவை நம்பி முடிவு எடுக்காதீர்கள். ஐந்து நிகழ்ச்சிகளில் எடுத்த நல்ல நொடிகளை ஒட்டி, மேலே ஸ்டூடியோவில் பதிந்த ஒலியைப் போட்டிருப்பார்கள். வாய் ஒன்று பாடும், ஒலி வேறொன்றாக வரும், கூட்டத்தின் சத்தம் துளியும் கேட்காது. அதற்குப் பதிலாக, பார்வையாளர் பக்கத்திலிருந்து போனில் வெட்டாமல் எடுத்த ஐந்து நிமிடப் பதிவைக் கேளுங்கள். ஒலி கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் வீணாகிறது, அந்த இடைவெளியில் மைக்கில் என்ன பேசுகிறார், கூட்டம் கவனிக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அப்படி ஒரு பதிவுகூடக் கையில் இல்லை என்று சொல்கிற குழுவுக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். பிறகு, மேடை ஏறப்போகிறவரோடு ஒருமுறையாவது வீடியோ அழைப்பில் நேராகப் பேசிவிடுங்கள். அவருடைய பெயர் ஒப்பந்தத்தில் வரவேண்டும். கூடவே ஒரு வரி: அவரால் வர இயலாமல் போனால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், மாற்று ஆளை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும். கைமாற்றிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வரியில்தான் தயங்குவார்கள்.

இரண்டாவது, "லைவ்" என்ற சொல். எட்டுப் பேர் வாசிக்கும் குழுவும் லைவ், ஒரு கீபோர்டும் இரண்டு பாடகர்களும் லைவ், லேப்டாப்பில் மைனஸ் ட்ராக் (பாடகரின் குரலை நீக்கிய இசைப் பதிவு) ஓட ஒருவர் பாடுவதும் லைவ். மைனஸ் ட்ராக்கில் பாடுவது குற்றமில்லை, நன்றாகப் பாடினால் கேட்க இனிமையாகவே இருக்கும். குழுவுக்கான தொகையை வாங்கிக்கொண்டு ட்ராக்கோடு வந்து நிற்பதுதான் மோசடி. எத்தனை பேர், யார் எந்தக் கருவி, எத்தனை பாட்டு நேரடி வாசிப்பு, எத்தனை ட்ராக் என்று எண்ணிக்கையாகவே எழுதி வாங்குங்கள். வாயசைப்பைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பாடகர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் விலக்கியும் குரலின் அளவு குறையவில்லை என்றால் அது பதிவு. பாட்டு தேய்ந்து தேய்ந்து மறைந்து முடிந்தால், அடியில் ட்ராக் ஓடுகிறது. நேரடி வாசிப்பில் ஒரு அடியோடு நிறுத்தி முடிப்பார்கள்.

ட்ராக்கில் இன்னொரு தொல்லை உண்டு. அது மூலப் பாடகரின் சுருதியில் இருக்கும். மேடையில் நிற்பவருக்கு அது எட்டாமல் போகலாம். சுருதியை (அதன் அளவு கட்டை) அரைக்கட்டை, ஒரு கட்டை ஏற்றி இறக்கினால் யாருக்கும் தெரியாது. இரண்டு கட்டைக்கு மேல் மென்பொருளில் இழுத்தால் தாளக்கருவிகளின் நாதமே செயற்கையாகிவிடும். அதனால் சிலர் மாற்றாமலேயே கத்திப் பாடுவார்கள், சரணத்தில் குரல் உடையும். நீங்கள் கண்டிப்பாகக் கேட்க நினைக்கும் ஐந்தாறு பாட்டுகளை ஒரு மாதம் முன்பே கொடுத்து, எந்தச் சுருதியில் பாடப்போகிறார் என்று கேளுங்கள். ஒத்திகை பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார்.

நேரக் கணக்கும் ஒரு பொறி. "நான்கு மணி நேரம்" என்று பேசுவார்கள்; அவர்கள் கணக்கில் அது வண்டி வாசலுக்கு வந்ததிலிருந்து தொடங்கும். டிஜே ஒருவர் கருவிகளை இறக்கி, இணைத்து, ஒலி சரிபார்க்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். டிரம்ஸோடு ஆறேழு பேர் கொண்ட குழு என்றால் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். அதைக் கழித்து, இருபது நிமிட இடைவேளை இரண்டையும் கழித்தால் கையில் மிஞ்சுவது என்ன? எனவே ஒப்பந்தத்தில் ஐந்து நேரங்கள் தனித்தனியாக இருக்கட்டும்: வாசலுக்கு வரும் நேரம், ஒலிச் சரிபார்ப்பு முடியும் நேரம், முதல் பாட்டு, இடைவேளைகள், கடைசிப் பாட்டு. கூடுதல் நேரத்துக்கு என்ன கட்டணம் என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது மேடையோரம் நின்று பேரம் பேசினால் உங்கள் கை எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விருந்தினர்களின் மனக்குறையில் பாதி பாட்டைப் பற்றியது அல்ல, சத்தத்தைப் பற்றியது. முன்வரிசையில் காது கிழிகிறது, பின்வரிசையில் ஒன்றும் புரியவில்லை. காரணம் எளிது. இரண்டே இரண்டு ஸ்பீக்கர்களை மேடையின் இருபுறமும் இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முழு அளவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரில் 100 டெசிபெல் என்றால் 6 மீட்டரில் 94, 12 மீட்டரில் 88, 24 மீட்டரில் 82. மூடிய அரங்கில் வீழ்ச்சி சற்றுக் குறைவு. ஆனால் எதிரொலி சேர்ந்து சொற்களைக் குழப்பும். இதற்கான மருந்து, ஸ்பீக்கரை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே உயர்த்துவதும், நடு அரங்கில் இன்னொரு ஜோடி வைத்து மொத்த அளவைக் குறைப்பதும்தான். அந்த நடு ஜோடியில் ஒலி சற்றுப் பிந்தி வருமாறு தாமதம் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 58 மில்லிவினாடி தாமதம் வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டலுக்கான அரங்க நெறிமுறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அது இசை கேட்கவென்றே வந்த கூட்டத்துக்கான உச்சவரம்பு. பேசிச் சிரிக்க வந்த உறவினர்கள் மூன்று மணி நேரம் உட்காரும் இடத்தில் அதன் அருகில்கூடப் போகக்கூடாது. கைக்குழந்தைகளையும் பெரியவர்களையும் ஸ்பீக்கருக்கு நேரெதிரே உட்காரவைக்காதீர்கள்.

மைக் ஊளையிடுவதற்குக் காரணம் கருவி பழுது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் இல்லை. மைக் வைத்திருப்பவர் ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போயிருப்பார், அதன் சத்தம் மைக்குக்குள் போய்த் திரும்பத் திரும்பச் சுற்றும். ஸ்பீக்கர்கள் பேசுபவருக்கு முன்பக்கமாக, கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கம்பியில்லா மைக் பாதியில் செத்தால் பெரும்பாலும் நேற்றைய நிகழ்ச்சியின் பேட்டரியை மாற்றாமல் வந்திருக்கிறார்கள் என்று பொருள். கம்பி உள்ள மைக் ஒன்று மாற்றாக மேடையிலேயே கிடக்கட்டும். இடைவிடாத "உம்ம்" என்ற இரைச்சல் கேட்டால், விளக்கும் ஒலியும் ஒரே மின்இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை வாட் தேவை என்று முன்பே கேட்டு மண்டபத்தாரிடம் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 2300 வாட்தான்.

டிஜேவிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி: பாட்டுகள் கருவியில் இறக்கி வைத்திருக்கிறீர்களா, இணையத்திலிருந்து ஓட்டுகிறீர்களா? நூற்றுக்கணக்கான போன்கள் கூடும் இடத்தில் சிக்னல் படுத்துவிடும். மணமக்கள் உள்ளே வரும் நொடியில் பாட்டுக்குப் பதில் விளம்பரம் ஓடுவது இப்படித்தான். நுழைவுப் பாட்டை உங்கள் பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

இதையெல்லாம் விட ஆறாத காயம் தொகுப்பாளரால் வருவது. பெண்ணின் நிறத்தையும் மாப்பிள்ளையின் உடம்பையும் கேலி செய்வது, தயங்கி நிற்கும் அத்தையைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுப்பது, முதலிரவு ஜோக், இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்லி "மேடைக்கு வாங்க" என்று அழைப்பது. பணத்தைத் திரும்ப வாங்கினாலும் இவை வீடியோவில் நிலைத்துவிடும். தொகுப்பாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: அழைக்க வேண்டிய பெயர்கள், உறவுமுறை, உச்சரிப்பு, குடும்பத்தில் இல்லாதவர்கள், தொடவே கூடாத பேச்சுகள், மேடைக்கு அழைக்கக் கூடாதவர்கள். "எங்களுக்குத் தெரியும் சார், பார்த்துக்கிறோம்" என்று அந்தத் தாளை வாங்க மறுப்பவரை அன்றே விட்டுவிடுங்கள்.

பணம். முழுத் தொகையை முன்கூட்டிக் கொடுத்தால் பேசும் வலிமை போய்விடும். கால் பங்கு அட்வான்ஸ், ஒலிச் சரிபார்ப்பு முடிந்து குழு முழுமையாக நிற்கும்போது பாதி, கடைசிப் பாட்டுக்குப் பின் மீதிக் கால் பங்கு என்பது இரு தரப்புக்கும் நியாயமான பிரிப்பு. அவர்களுக்கும் பயம் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் காணாமல் போகும் வீட்டார் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயருக்கே பணம் போக வேண்டும். வேறொரு பெயரின் கணக்கு எண் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, எல்லாம் மீறி அன்றிரவு மேடை சரிந்துவிட்டது. மணமக்களோ பெற்றோரோ பேசப் போகவேண்டாம். முன்பே குறித்த ஒரு ஆள், சித்தப்பாவோ நண்பரோ, பாட்டு இடைவெளியில் மேடையின் பக்கவாட்டில் போய்ப் பேசட்டும். "நல்லா இல்லை" என்பது பயனற்ற பேச்சு. "பின்னால் குரல் கேட்கவில்லை, கீபோர்டைக் குறையுங்கள்", "பேச்சை நிறுத்திப் பாட்டை மட்டும் ஓட்டுங்கள்", "பட்டியலில் உள்ள மூன்றாவது பாட்டிலிருந்து வாசியுங்கள்" என்று செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும். பாதிக் கோளாறு இதிலேயே சரியாகும். பதினைந்து நிமிடம் பார்த்தும் மாறவில்லை என்றால் அடுத்த இடைவேளையோடு நிறுத்திவிட்டு, சவுண்ட்காரரிடம் சொல்லி உங்கள் பென்டிரைவில் உள்ள பாட்டுகளை மெல்லிய அளவில் ஓடவிடுங்கள். மைக்கைப் பிடுங்குவது, கருவிகளை மடக்கி வைத்துக்கொள்வது இரண்டும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அதே நேரம் சான்று சேருங்கள். வண்டி வந்த நேரம், முதல் பாட்டின் நேரம், மேடையில் எத்தனை பேர் என்பது தெரியும் ஒரு புகைப்படம், வெவ்வேறு நேரங்களில் ஒரு நிமிட வீடியோ மூன்று. மண்டப மேலாளரும் நேரத்தைக் குறித்துவைத்தால் நல்லது.

பிறகு கேட்கும்போது ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது ரசனை. அதற்குப் பணம் திரும்புவது அரிது. "எழுதியது நடக்கவில்லை" என்பது ஒப்பந்த மீறல். அதற்குக் கணக்கு உண்டு. மூன்று மணி நேர வாசிப்பில் ஒரு மணி நேரம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஊர்வலமே ஒரு மணி நேரம் தாமதமாகி, அதனால் கச்சேரி குறைந்திருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். "பணம் தராவிட்டால் இணையத்தில் எழுதுவோம்" என்று ஒருபோதும் அனுப்பாதீர்கள், அது மிரட்டலாகிவிடும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தாமதிக்காமல் முறையிடலாம். இல்லையென்றால் எழுத்தில் 14 நாள் கெடு கொடுத்து, அதன்பின் நுகர்வோர் முறையீட்டு அமைப்புக்குப் போகலாம்.

அன்றிரவே அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவு போதும்: "ஒப்பந்தப்படி ஆறு பேர், வந்தது மூன்று பேர். முதல் பாட்டு 6.30-க்கு, தொடங்கியது 7.40-க்கு. பெயர் குறித்த பாடகர் வரவில்லை, மாற்று ஆள் பற்றி முன்னறிவிப்பு இல்லை. புகைப்படம், வீடியோ இணைத்துள்ளோம். மீதித் தொகையை நிறுத்திவைத்திருக்கிறோம். உங்கள் விளக்கத்தை எழுத்தில் அனுப்புங்கள்."