எல்எஸ்1 எஞ்சின் மாற்றம்: பம்ப் டேங்கின் உள்ளேயா, வெளியேயா?

1969 செவ்ரோலே கமாரோ போன்ற கார்புரேட்டர் காலத்துக் காரில், பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் எல்எஸ்1 எஞ்சினை (ஜெனரல் மோட்டார்ஸின் வி8) ஏற்றுகிறவர்கள் கியர்பாக்ஸுக்கும் வயரிங்குக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். பெட்ரோல் பம்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் தந்த அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). எல்எஸ்1 கேட்பது 58.

பழைய டேங்கை அப்படியே விட்டு, சட்டகத்தில் இன்லைன் பம்ப், அதாவது டேங்குக்கு வெளியே குழாயின் நடுவில் அமரும் பம்ப், மாட்டுவது மலிவான வழி. டேங்கில் கை வைக்க வேண்டாம். பழுதானால் மாற்றுவதும் எளிது. ஆனால் இவ்வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோடை. டேங்கை ஒட்டி, அதன் அடிமட்டத்துக்கும் தாழ்வாக இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். சற்று மேலே ஏறினாலும், வெயில் நாளில் உறிஞ்சும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிறது. பம்பின் முனகல் கீச்சொலியாக மாறும், அழுத்தமானியின் முள் நடுங்கும், எஞ்சின் இருமும்.

உள்ளே மூழ்கியிருக்கும் பம்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது, சத்தத்தையும் அடக்குகிறது. என் தேர்வு இதுதான். ஒரு நிபந்தனை: பழைய தட்டை டேங்கில் துளையிட்டுப் பம்பை இறக்கினால் போதாது. கால் டேங்க் பெட்ரோலோடு நீண்ட வளைவில் திரும்பினால் அத்தனையும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும். முழு வேகத்தில் அப்படி நேர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. பெட்ரோல் பம்பை விட்டு ஒதுங்காமல் பிடித்து வைக்கும் தடுப்புப் பெட்டி உள்ளே வைத்த புதிய டேங்கையே வாங்குங்கள். புது வீல்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

சர்ஜ் டேங்க் (எப்போதும் நிறைந்திருக்கும் சின்னத் துணை டேங்க்), இரட்டைப் பம்ப் ஏற்பாடு பந்தயத் தடத்துக்கு உரியது. சாலை வண்டிக்கு அத்தனை இணைப்புகள் தேவையில்லை.

அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்கு, சி5 தலைமுறை செவ்ரோலே கார்வெட் காரின் ஃபில்டர் அருமையான தீர்வு. 58 பிஎஸ்ஐ அதிலேயே அமைந்திருக்கிறது. மிச்ச பெட்ரோல் வண்டியின் பின்பக்கத்திலேயே டேங்குக்குத் திரும்பிவிடும், எஞ்சினுக்கு ஒரே குழாய் போதும். டர்போ வைப்பவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்கு பூஸ்ட்டுக்கேற்ப (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்துக்கேற்ப) பெட்ரோல் அழுத்தத்தை உயர்த்தும் ரெகுலேட்டர் வேண்டும். மாற்றம் செய்யாத எல்எஸ்1-க்கு மணிக்கு 255 லிட்டர் பம்ப் தாராளம்.

எந்தப் பம்பானாலும் பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாகத் தடித்த கம்பி கொடுங்கள். டேங்குக்குள் இருக்கும் ஹோஸுக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 முத்திரை, அதாவது பெட்ரோலில் மூழ்கியிருக்கத் தகுந்தது என்ற தரக்குறி, கட்டாயம். சாதாரண ஹோஸின் வெளிப்புறம் பெட்ரோலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அந்த ஹோஸ் டேங்குக்குள்ளேயே பிளந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, அழுத்தம் மட்டும் காணாமல் போகும்.