ஏரிக்கரையில் மூன்று இரவு: லடிங்டனா, இண்டர்லாக்கனா, ஹாலந்தா?

மிச்சிகனில் கோடை குறுகியது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியிருக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், எப்படியாவது ஒருமுறை ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி) எடுத்துக்கொண்டு ஏதாவதொரு ஏரிக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று டெட்ராய்ட் பக்கத்துக் குடும்பங்கள் கிளம்புவது இந்த நாட்களில்தான். மாநிலப் பூங்கா என்று தேடினால் படங்களில் எல்லா ஏரியும் ஒன்றுபோல நீலமாகத்தான் தெரியும். லடிங்டன், இண்டர்லாக்கன், ஹாலந்து என்ற மூன்று மாநிலப் பூங்காக்களில் தங்கிய பிறகு நான் கண்டுகொண்டது இது: கூட வருபவர்களில் யார் மிகச் சிறியவர், யார் மிக மூத்தவர் என்று பார்த்துத்தான் இடத்தைத் தேர வேண்டும். ஏரியின் அழகு அதற்குப் பிறகுதான்.

ஹாலந்து மூன்றிலும் பக்கம். வண்டியை நிதானமாக ஓட்டினாலும் டெட்ராய்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். கால்வாய்க்கு அக்கரையில் ‘பிக் ரெட்’ எனப்படும் செக்கச் சிவந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைப் பார்ப்பதற்கு மாநிலப் பூங்காவின் கரையைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கடற்கரையை ஒட்டிய முகாம் முழுக்கத் தார் போட்ட தளம். பெரிய வண்டியை மட்டமாக நிறுத்த வசதிதான், ஆனால் ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஜூலை மதியத்தில் அந்தத் தளம் தகிக்கும்போது வயதானவர்கள் ஏ.சி.யை விட்டு வெளியே வர மாட்டார்கள். முகாம் என்று வந்துவிட்டு வண்டிக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். மக்கட்டாவா ஏரிப் பக்கத்தில் இதே பூங்காவுக்கு இன்னொரு முகாம் உண்டு. அங்கே மரநிழல் இருக்கிறது, ஆனால் மணற்கரைக்குச் சற்று நடக்க வேண்டும். ஹாலந்துதான் என்று முடிவு செய்தால் அந்தப் பக்கத்தை எடுங்கள்.

ஹாலந்தின் மணற்கரை இருப்பது மிச்சிகன் ஏரியில். ஏரி என்றதும் ஊரில் பார்த்த ஏரியை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது கடல்போல் அலை அடிக்கும் நீர்ப்பரப்பு. அலைதாங்கிச் சுவர்களை ஒட்டி ஓடும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் இழுத்துவிடும். கரையில் கொடி ஏற்றியிருப்பார்கள். இரட்டைச் சிவப்பு என்றால் நீரில் இறங்கவே கூடாது. ஜூன் மாதத்தில் தண்ணீரின் குளிரும் சாதாரணமானதல்ல. நான்கு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உதடு நடுங்க ஓடிவந்துவிடும்.

அதனால்தான் நான் லடிங்டன் பக்கம் சாய்கிறேன். அங்கே பூங்காவுக்கு மேற்கே மிச்சிகன் ஏரி, கிழக்கே ஹாம்லின் ஏரி, இரண்டையும் இணைத்து ஒரு சிற்றாறு. ஹாம்லின் ஏரி, மரம் வெட்டும் தொழில் செழித்த 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டி உண்டாக்கியது. 1888இல் அந்த அணை உடைந்து ஹாம்லின் என்ற ஊரையே அடித்துக்கொண்டு போனது. இன்று அதே நீர் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக அமைதியாகவும், மிச்சிகன் ஏரிக்கு முன்பாகவே வெதுவெதுப்பாகவும் ஆகிவிடுகிறது. பெரிய பிள்ளைகள் காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போவார்கள். ஒரே முகாமிலிருந்து ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் தனித்தனித் தண்ணீர் கிடைப்பது வேறு எங்கே?

லடிங்டனுக்குள்ளேயும் ஒரு தேர்வு இருக்கிறது. ‘பைன்ஸ்’ முகாம் மிச்சிகன் ஏரிப் பக்கம், ‘பீச்வுட்’ ஹாம்லின் ஏரிப் பக்கம். பைன்ஸ் அருகிலிருந்துதான் பிக் சேபிள் கலங்கரை விளக்கத்துக்குப் பாதை தொடங்குகிறது: போக மட்டும் 1.8 மைல், மணல்மேடுகளுக்கு நடுவே. 1867இல் ஏற்றிய விளக்கு, 112 அடி உயரம், கறுப்பு வெள்ளைப் பட்டைகள். செங்கல் கோபுரம் காற்றிலும் மழையிலும் அரித்துப்போனதால் 1900இல் இரும்புத் தகடுகளால் போர்த்தினார்கள். எழுபதை நெருங்கிய என் அம்மா அந்தத் தூரத்தை இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்து நடந்து முடித்தார். ஆனாலும் தங்குவதற்கு நான் சொல்வது பீச்வுட்தான். நிழல் அடர்த்தி. காலையில் எழுந்ததும் தாத்தா பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு பலகைப் பாதையில் லாஸ்ட் லேக் ஓரமாக உலவிவிட்டு வரலாம்.

இண்டர்லாக்கன் வேறு வகை அழகு. 1917இல் மாநிலம் இந்த நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. சுற்றுப்புறக் காடெல்லாம் வெட்டுண்டு போன காலத்தில் தப்பித்த பைன் மரங்கள் இங்கே நிற்கின்றன. அவற்றின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்துகொள்ள மனம் வராது. டக் ஏரி, கிரீன் ஏரி என்று இருபுறமும் சிறிய ஏரிகள், அலையச்சம் இல்லை. அண்டையிலேயே 1928 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற இசை முகாம். கோடை மாலைகளில் கச்சேரிகள் இருக்கும். முதன்முறையாக ஆர்.வி. எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்சாரமும் குளியலறையும் டக் ஏரிப் பக்கம்தான். கிரீன் ஏரிப் பக்கம் மின்சாரம் இல்லை, குழிக் கழிப்பறைதான். கூடாரம் அடிக்கும் இளைஞர்களுக்கு அது போதும். பாட்டியோடு போகிறவர்களுக்கு ஆகாது.

ஆர்.வி.யா, கூடாரமா என்ற கேள்விக்கும் முழங்கால் வலிதான் பதில். இரவில் கழிப்பறைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தால், வாடகை அதிகமானாலும் ஆர்.வி. எடுங்கள். ஆனால் அதை வீடு என்று நினைத்துவிட வேண்டாம். முகாமில் வண்டிக்குக் கிடைப்பது 30 ஆம்பியர் மின் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது ரைஸ் குக்கரையும் மின்கெண்டியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். நான் மாவை அரைத்தே குளிர்பெட்டியில் எடுத்துப் போய், தோசையை வெளியே கேஸ் அடுப்பில் வார்த்துவிடுவேன். பெரும்பாலான இடங்களில் உங்கள் வண்டி நிற்கும் இடத்தில் குழாய் இருக்காது; நுழைவாயிலைத் தாண்டியதும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போய் நிறுத்துவது நல்லது. கழிவுநீர்த் தொட்டியைத் திரும்பும் நாளில் பொது நிலையத்தில் காலி செய்யலாம்.

விறகு மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு 2002இல் முதலில் கண்டறியப்பட்டது நம் டெட்ராய்ட் பக்கத்தில்தான். அது ஊர் ஊராகப் பரவியதற்கு இப்படி ஏற்றிச் சென்ற விறகும் ஒரு காரணம். முகாமுக்கு அருகிலேயே வாங்கி, அங்கேயே எரித்துவிடுங்கள்.

முன்பதிவு சரியாக ஆறு மாதம் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 10 பீச்வுட்டில் இறங்க வேண்டுமானால், ஜனவரி 10 அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, எட்டு அடிக்கும் முன்பே கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.