காதல் கதை: நாவலா, காமிக்ஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வளரும் பிள்ளை காதல் கதை கேட்டால், எதை வாங்கித் தருவது என்று பலர் தயங்குகிறார்கள்.

விலை: அச்சு நாவலுக்கு இங்கே 15 சதவீத வாட் வரி உண்டு. காமிக்ஸ் தொகுதிக்கும் அதே வரிதான். ஆனால் இணையத்தில் பல தொடர்கள் இலவசம், டேட்டா மட்டுமே செலவு.

நீடித்து உழைப்பது: அட்டை கிழிந்த நாவலும் கைமாறிக் கைமாறிப் பிழைக்கும். இணையத் தொடரைத் தளம் நீக்கிவிட்டால் போயிற்று.

உணர்வு: எனக்கு இதுதான் முக்கியம். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆலிஸ் ஓஸ்மன் 2016இல் இணையத்தில் தொடங்கிய ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ காமிக்ஸில், காதல் துளிர்க்கும்போது கட்டங்களுக்குள் சின்னச் சின்ன இலைகள் மிதக்கின்றன. ஒரு வசனமும் இல்லாமலே படபடப்பு புரிந்துவிடுகிறது. எத்தனை அழகு! ஆனால் ஊடலில் மனம் தனக்குத்தானே வாதாடுவதை நாவல் பக்கம் பக்கமாகச் சொல்லும்; படத்தில் அது சுளித்த முகத்தோடு முடிந்துவிடுகிறது.

வாசிப்பில் இப்போதுதான் கால்வைக்கும் பதின்வயதினருக்குக் காமிக்ஸ். ஊடலை ஆற அமர ரசிப்பவர்களுக்கு நாவல். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், உரையாடல் மிகுந்த சிறிய தமிழ் நாவலில் தொடங்கலாம்.