அலையா, மழையா, பனியா: எந்த அட்டையை அனுப்பலாம்?

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியம் போட்ட வாழ்த்து அட்டை வாங்கப் போனால், கை முதலில் நீள்வது ஹொக்குசாயின் பேரலைக்குத்தான். அடுத்து ஹிரோஷிகேயின் மழைப் பாலம். கவாசே ஹசுயியின் பனிக்காட்சியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். மூன்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்த பிறகு நான் பனியின் பக்கம் வந்துவிட்டேன்.

அலை 1831 வாக்கில் வெளிவந்தது. மூலத்தாள் சுமார் 25க்கு 37 செ.மீ. 10க்கு 15 அட்டையில் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நகம்போல் வளைந்த நுரை தப்பிவிடுகிறது. ஆனால் மூன்று படகுகளில் குனிந்து ஒண்டியிருக்கும் ஆட்கள் வெறும் புள்ளிகளாகிவிடுகிறார்கள். அவர்களைக் கவனித்தால்தான் அந்தப் படத்தில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று புரியும். பிறந்தநாளுக்கு இதை அனுப்ப எனக்கு மனம் வராது. கஷ்டத்தில் இருக்கும் நண்பருக்கு, உள்ளே நாலு வரி எழுதி அனுப்பலாம்.

ஹிரோஷிகேயின் மழை 1857இல் வந்தது. முப்பது ஆண்டு கழித்து வான்கோ அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். நெட்டுவாக்குப் படம் என்பதால் மடிக்கும் அட்டைக்குக் கச்சிதம். சிக்கல் மழைக்கோடுகளில்தான். முடியளவு மெல்லிய கோடுகள் கொஞ்சம் மாறுபட்ட சாய்வுகளில் குறுக்கிடுகின்றன. மலிவான அச்சில் அவை ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூச்சாகிவிடும். வாங்கும் முன் கோடு தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சரி, பனிக்கு வருவோம். டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலை வைத்து ஹசுயி 1925இல் செய்த ‘ஷிபா ஸோஜோஜி’ படத்தில் சிவப்புக் கோயில் வாயில், பனி சுமந்த மரம், குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கும் ஒரு பெண். அவ்வளவுதான். எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்தச் சிவப்பும் அந்தக் குடையும் நிற்கின்றன. பனியின் வெள்ளை மை அல்ல. அச்சுப் படாமல் விட்ட தாளே பனியாகிறது. அதனால் பளபளப்பான அட்டையில் இந்தப் படம் செத்துவிடும். மங்கலான, லேசாகச் சொரசொரக்கும் தாள்தான் வேண்டும். இவருடைய பதிப்பாளர் வாட்டனாபே ஷோசாபுரோ 1930களில் வெளிநாட்டாருக்கென்றே சிறிய மரக்கட்டை அச்சில் கிறிஸ்துமஸ் அட்டைகள் வெளியிட்டவர். வாழ்த்து அனுப்பும் அளவு இந்தப் பாணிக்குப் பழகிய அளவுதான்.

இன்னொரு கேள்வி, இயந்திரத்தில் அடிக்கும் ஆஃப்செட்டா, மரக்கட்டையிலிருந்து கையால் எடுக்கும் கையச்சா என்பது. பூதக்கண்ணாடி வைத்தால் ஆஃப்செட் வானம் புள்ளி புள்ளியாக உடையும். கையச்சில் புள்ளியே இருக்காது. கட்டையில் பூசிய நிறத்தை ஈரத்தோடு தேய்த்து மெல்ல மங்க வைப்பார்கள். பொகாஷி என்று அதற்குப் பெயர். அப்புறம் தாளைத் திருப்பினால் பின்புறம் நிறம் ஊறித் தெரியும், பாரென் என்னும் தேய்ப்பு வட்டு அழுந்திய தடமும் சில இடங்களில் இருக்கும். விலை பல மடங்கு. பத்துப் பேருக்கு அனுப்ப ஆஃப்செட் போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மிக நெருங்கிய ஒருவருக்கு மட்டும் கையச்சு வாங்குகிறேன். படத்தை மேல் இரு மூலைகளில் மட்டும் ஒட்டி, தூக்கிப் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லி உள்ளே ஒரு வரி எழுதிவிடுவேன்.