வேலை போனால் இஎஸ்ஐயில் கிடைக்கும் காசு: சேலத்தில் வாங்கிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் காசு நிஜமாகவே பேங்கில் வந்து விழுகிறது. "அதெல்லாம் பேப்பர்லதான் இருக்கும்" என்று எங்கள் மில்லில் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு நிறைய பேர் விண்ணப்பமே போடவில்லை, அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுப்பேன்.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வரும் இந்தத் திட்டத்துக்கு அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018 ஜூலையில் ஆரம்பித்தது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம்தான், கொரோனா காலத்தில் அதை 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், ஆயுளில் ஒரு தடவைதான். வேலை போய் 30 நாள் முடிந்ததும் கேட்கலாம், கம்பெனி கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை. திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் வருகிறார்கள், அதனால் போடும் முன் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மில்லில் ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை, முதலில் மூணு ஷிப்டை ரெண்டாக்கினார்கள், அப்புறம் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்றார்கள், நூல் ஆர்டர் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இழுத்து, கடைசியில்தான் கோன் வைண்டிங்கில் (நூல் சுற்றும் பிரிவு) இருந்த எங்களை நிறுத்தினார்கள். ஷிப்ட் குறைந்ததற்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது, முழுசாக வேலை போனால்தான். ஆனால் அந்தக் குறைந்த சம்பளம் நமக்கு வரும் காசைக் கடித்துவிடுகிறது. சம்பளத்தில் இஎஸ்ஐக்குப் பிடிப்பதுதான் சந்தா, ஆறு மாதம் ஒரு சந்தா காலம்; கடைசி இரண்டு வருடத்தில் வரும் நாலு சந்தா காலத்துச் சம்பளத்தை மொத்தமாகக் கூட்டி 730ஆல் வகுக்கிறார்கள். மாதம் 15,000 என்று இரண்டு வருடமும் ஒழுங்காக வாங்கியவருக்கு 90 நாளுக்கு ஏறக்குறைய 22,000 வரும். அதே ஆள் கடைசி ஆறு மாதம் பாதிச் சம்பளம் வாங்கியிருந்தால் 19,400தான். இது பெரிய அநியாயம், மில் நொடித்ததற்குத் தொழிலாளி ஏன் இரண்டு தரம் இழக்க வேண்டும்?

நாள் கணக்கும் பாருங்கள். கடைசி சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் என்று ஓட்டுபவர்கள் இதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருங்கள்.

அப்புறம், "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். விருப்ப ஓய்வுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் போன வேலைக்கும் காசு கிடையாது, அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் வாதாடுவது கஷ்டம்.

ஒரு ஸ்டார் எங்கே குறைத்தேன் என்றால், விண்ணப்பம் போடும் இஎஸ்ஐ இணையதளத்தில். பாதியில் நின்றுவிடும், தமிழ் கிடையாது. இன்னொரு ஸ்டார் பெயர்ப் பிரச்சினைக்காக. பாஸ்புக்கில் என் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் இருந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்ல, பேங்க்ல மாத்திட்டு வந்துருங்க" என்றார். தன்மையாகத்தான் பேசினார், என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஆனால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இனிஷியல் இப்படித்தான் இருக்கும், அதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டாமா? வேலை இருக்கும்போதே ஆதாரையும் பேங்க் கணக்கையும் இஎஸ்ஐ நம்பரோடு இணைத்து, பெயரையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுங்கள்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் "உள்ளே ஆள் இருக்கு, வர்ற காசுல பத்து சதவீதம் குடுங்க" என்றார்கள். தராதீர்கள். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, பிரின்ட் எடுக்கிற காசு மட்டும் கொடுத்தால் போதும்.

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் இருக்கும் என் தங்கச்சி "எனக்கும் கிடைக்குமாக்கா?" என்று கேட்டாள். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை, இஎஸ்ஐயே கிடையாது, அதனால் இதுவும் இல்லை. சம்பளம் 21,000க்கு மேல் இருப்பவர்களுக்கும் பொதுவாக இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது.

வேலை போன அன்றைக்கே இஎஸ்ஐ கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800-11-2526க்குப் போன் போடுங்கள், இலவச எண்தான்.